வானொலியின் காது: கொல்லங்குடி கருப்பாயியை முன்வைத்து

2025 ஜூன் 14ஆம் தேதி கொல்லங்குடி கருப்பாயி இறந்துபோனார். 99 வயது என்றார்கள். பத்திரிகைகள் ஏறக்குறைய ஒரே வரியைத்தான் எழுதின: நாட்டுப்புறப் பாடகி, நடிகை, கலைமாமணி, ‘ஆண் பாவம்’ படத்தில் பாட்டியாக வந்தவர். இதில் பொய் எதுவும் கிடையாது. 1985இல் பாண்டியராஜன் இயக்கிய அந்தப் படம்தான் அவர் முகத்தை ஊருக்குக் காட்டியது. கலைமாமணி 1993இல் கிடைத்தது. எல்லாம் சரி. ஆனால் படத்துக்கு முன்னாலேயே அவர் குரல் வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்கும் முன்னால் சிவகங்கைச் சீமையின் வயக்காட்டில் ஒலித்தது. வயலிலிருந்து வானொலிக்கும் வானொலியிலிருந்து திரைக்கும் அந்தக் குரல் போன வழியில் ஒரு சொல் கழன்று விழுந்துவிட்டது. பாட்டுக் கட்டுகிறவர் என்ற சொல் அது. நம் இலக்கிய மொழியில் சொன்னால் ஆசிரியர்.

கருப்பாயியைப் பாடகி என்கிறோம். யாருடைய பாட்டைப் பாடிய பாடகி? டி.எம். சௌந்தரராஜனைப் பாடகர் என்று சொன்னால் உடனே கண்ணதாசன் பாட்டா, வாலி பாட்டா, விஸ்வநாதன் இசையா என்று பேச்சு போகும். கருப்பாயி விஷயத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. எழத் தேவையில்லை என்று ஒரு ஏற்பாடு முன்கூட்டியே செய்துவைக்கப்பட்டிருந்தது. அந்த ஏற்பாட்டில் பெரும்பங்கு வானொலிக்கு உண்டு. ஆனால் கதையை வானொலியிலிருந்து தொடங்க முடியாது. மதுரையிலிருந்து தொடங்க வேண்டும்.

*

மதுரை இசை என்றதும் நமக்கு நினைவு வருவது எம்.எஸ். சுப்புலட்சுமி. 1916இல் மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்து, பத்து வயதில், 1926இல், இசைத்தட்டுக்குப் பாடியவர். 99 என்ற கணக்கு சரியென்றால் கருப்பாயி பிறந்ததும் அந்த ஆண்டையொட்டித்தான். ஒருத்திக்குப் பாரத ரத்னா, இன்னொருத்திக்குக் கலைமாமணி என்று ஒப்பிட்டு ஒப்பாரி வைப்பது என் நோக்கமில்லை. மதுரையில் இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இசை இருந்தது. அதைப் பற்றி நாம் பேசுவதேயில்லை என்பதுதான் விஷயம்.

அதுதான் நாடக மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். கம்பெனி நாடகங்களோடு கூடவே வளர்ந்தது ‘ஸ்பெஷல் நாடகம்’. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வருவார்கள், ஒத்திகை கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு மேடையேறி விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடத்திவிட்டுப் போவார்கள். இதையெல்லாம் கோர்த்துக் கட்டுகிறவர் ஆர்மோனியக்காரர். அவரும் மிருதங்கமும், ‘ஆல்ரவுண்ட்’ என்று சொல்லப்படும் பல தோல்கருவிகள் சேர்ந்த கூட்டமும், ஜால்ராவும். எந்த நடிகர் எந்தச் சுருதியில் ஏறுவார், எங்கே வசனத்தை விட்டுப் பாட்டுக்குத் தாவுவார், எதிர்ப்பாட்டு வந்தால் எங்கே பிடிப்பார் என்பதெல்லாம் அந்த ஆர்மோனியக்காரர் காதில் இருக்கும்.

அமெரிக்காவில் 1930களில் ‘பிக் பேண்ட்’ என்ற பெரிய வாத்தியக் கோஷ்டிகள் ஊர் ஊராகப் போய் வாசித்தன. அவற்றோடு போன பாடகர்கள் அப்படியே வானொலிக்குள் நுழைந்து நாடறிந்த குரல்களானார்கள். கோஷ்டியிலிருந்து வானொலிக்கு ஒரு கதவு திறந்திருந்தது. வைகைக் கரையின் பெரிய வாத்தியக் கோஷ்டி இந்த நாடக மேடைதான். (நையாண்டி மேளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், அது தனிக் கதை.) அதன் பாடகர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அந்த மேடையில் பாட்டுக்கு ஆசிரியர் இருந்தார் என்பதை அடிக்கோடிட வேண்டும். ‘வாத்தியார்’ என்ற சொல்லே அதற்குத்தான். மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) மதுரையில் இருந்துகொண்டு நாடகங்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் பாட்டெழுதினார். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ வரை அவர் பாட்டு போனது. அவருடைய தேசியப் பாட்டுகளை மேடையில் முழங்கியவர் விஸ்வநாததாஸ் (1886–1940). சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர், மருத்துவர் சாதி. கூட நடிக்கமாட்டோம் என்று சாதியைக் காட்டி ஸ்திரீபார்ட்டுகள் மறுத்ததுண்டு. வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடிய பாட்டுக்காகத் திரும்பத் திரும்பச் சிறை. 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் போயிற்று. புராண வேடத்துக்குள் நேற்றைய செய்தியை நுழைத்துப் பாடுவது, சபையின் முகத்தைப் பார்த்து வரியை மாற்றுவது, போலீஸ்காரன் உட்கார்ந்திருந்தால் ஒரு மாதிரி, இல்லையென்றால் ஒரு மாதிரி: இதுதான் அந்த மேடையின் இலக்கணம். எழுதியவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர் என்றாலும் பாடுகிறவரும் அங்கே பாதி ஆசிரியர்தான்.

*

விஸ்வநாததாஸ் செத்த அதே 1940இல், மார்ச் 1ஆம் தேதி முதல், அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்தது.

வானொலி அப்போது தமிழுக்குப் புதுசு. 1924இல் சென்னையில் ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு ரேடியோ கிளப் நடத்தினார்கள், பணமில்லாமல் நின்றது. பிறகு மாநகராட்சி கொஞ்ச நாள் நடத்தியது. 1938 ஜூனில் சென்னை நிலையமும் 1939 மே மாதம் திருச்சி நிலையமும் வந்தன. தென் மாவட்டங்களுக்கு ரொம்ப காலம் வானொலி என்றால் திருச்சிதான். மதுரைக்கென்று நிலையம் வந்தது 1980களின் பிற்பகுதியில்.

ஆர்மோனியத்தின் மேல் அப்படி என்ன கோபம்? அதன் கட்டைகள் மேற்கத்திய சமன்படுத்திய சுருதியில் நிற்கின்றன, கமகம் வராது, நம் இசையின் நுண்சுருதிகளைக் கெடுக்கிறது என்றார்கள். சொன்னதில் வெள்ளைக்காரரும் உண்டு. வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாயிருந்த ஜான் ஃபோல்ட்ஸ் அதை எதிர்த்துக் கட்டுரையே எழுதினார். தாகூரும் தடையை ஆதரித்தார். காலனிய அதிகாரி, தேசியக் கவி, சங்கீத வித்வான் மூவரும் ஒரே அணியில் நிற்கும் அபூர்வக் காட்சி இது. தடை 1971இல்தான், அதுவும் நிபந்தனைகளோடு, தளர்ந்தது. முப்பத்தொரு வருஷம்.

கமகம் பற்றிய வாதம் இசையளவில் தவறு என்று நான் சொல்லவில்லை. கர்நாடகக் கச்சேரியில் ஆர்மோனியம் ஏற்கெனவே ஓரமாகத்தான் இருந்தது. அங்கே வயலின் இருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் ஆர்மோனியத்தை முதுகெலும்பாகக் கொண்ட மேடைக்கு. வாத்தியத்தைத் தடுத்தால் அந்தக் கோஷ்டியே வாசலில் நின்றுவிடுகிறது. தடை உத்தரவில் ‘ஸ்பெஷல் நாடகக்காரர்கள் வரக்கூடாது’ என்று எழுத வேண்டியதில்லை. அதிகாரம் ஆளைப் பார்த்து ‘போ’ என்று சொல்வதில்லை, ஆள் கையில் வைத்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறது.

ஆளையே பார்த்துச் சொன்னதும் உண்டு. 1946இல் இடைக்கால அரசில் தகவல் துறையை வைத்திருந்த வல்லபபாய் பட்டேல், சொந்த வாழ்க்கை ஊர்வாய்க்கு ஆளானவர்கள் வானொலியில் பாடக்கூடாது என்று ஏற்பாடு செய்தார். வடக்கே அது தவாயிஃப் பரம்பரைப் பாடகிகளைக் குறிவைத்தது. தெற்கே யாரை நோக்கும் என்று விளக்க வேண்டுமா? ஆம்பளைகளோடு ராத்திரி முழுக்க மேடையில் நிற்கிற ஸ்திரீபார்ட்டுக்கு ஊர் கொடுத்திருந்த பெயர் தெரிந்ததுதானே.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952 முதல் 1962 வரை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் இந்தக் காதை ஒரு நிறுவனமாக்கினார். ஆடிஷன் குழுக்கள் வந்தன, கலைஞர்களுக்கு ஏ, பி என்று தரப்பட்டியல் வந்தது, தரத்துக்குத் தக்க சம்பளம் வந்தது. திரைப்பாட்டை வானொலியிலிருந்து ஏறக்குறைய விரட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பிச் சிலோன் ரேடியோவுக்குப் போய்விட்டார்கள். ராமநாதபுரம், மதுரைப் பக்கம் சிலோன் நன்றாகவே எடுக்கும். டீக்கடைகளில் அதுதான் ஓடியது. போன ஜனத்தைத் திரும்பப் பிடிக்கத்தான் 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டது. திரைப்பாட்டுக்குப் பதிலாக வானொலியே ‘மெல்லிசை’ என்று ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது. அதில் நல்ல பாட்டுகளும் உண்டு, மறுக்கவில்லை.

இப்படி வானொலி நிலையத்துக்குள் ஓர் அலமாரி உருவானது. மேல்தட்டில் கர்நாடக இசை. அடுத்து பக்தி. அடுத்து மெல்லிசை. கீழ்த்தட்டில் நாட்டுப்புறப் பாடல். நாடக மேடைப் பாட்டுக்கு நிரந்தரமான தட்டு இல்லை. அது சாஸ்திரீயமும் இல்லை, ‘கிராமிய’மும் இல்லை, பட்டணத்தில் அச்சான பாட்டுப் புத்தகம் வைத்திருக்கிறது, சினிமா மெட்டையும் கூசாமல் எடுத்துக்கொள்கிறது, அரசியலும் பேசுகிறது. கலப்படம்! தட்டுகளாகப் பிரிக்கிற காதுக்குக் கலப்படம் கேட்காது.

*

கீழ்த்தட்டின் விதிகளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கருப்பாயி அந்தத் தட்டின் வழியாகத்தான் உள்ளே வந்தார்.

நடவுப் பாட்டு எப்படி நடக்கிறது? ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். இடையில் குலவை. நாற்றுமுடி தீர்ந்தால் பாட்டு நிற்கும், வந்தால் தொடரும். வரப்பில் பண்ணையார் நின்றால் அவரைப் புகழ்வது போல ஒரு வரி வரும். அவர் நகர்ந்ததும் வேறு வரி வரும். ஒப்பாரியில் செத்தவரின் பெயர், கொடுத்த ஊர், வாழ்ந்த ஊர், பங்காளி செய்த துரோகம் எல்லாம் அன்றைக்கு, அங்கேயே பாட்டாகிறது. முதலடி பழசு, இரண்டாமடி அவள் கட்டியது. இதற்கு இட்டுக்கட்டுதல் என்று பெயர். கருப்பாயியும் இட்டுக்கட்டிப் பாடும் வழியில் வந்தவர்தான்.

இதை ஒலிப்பதிவு அறைக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? சிவப்பு விளக்கு எரிந்ததும் தொடங்க வேண்டும், அணைவதற்குள் முடிக்க வேண்டும். கால் மணி நேர நிகழ்ச்சி என்றால் நாலைந்து பாட்டு. சொற்களை முன்கூட்டியே தாளில் எழுதித் தரவேண்டும், அதிகாரி பார்க்க வேண்டும். வாங்கிப் பாடுகிற கூட்டம் இரண்டு மூன்று பேராகச் சுருங்கும். எதிரே முகம் இல்லை, மைக் இருக்கிறது. பண்ணையார் இல்லை, செத்தவர் இல்லை, நாற்று இல்லை. எதைப் பார்த்து இட்டுக்கட்டுவது? ஏற்கெனவே கட்டியதை ஒப்பிக்க வேண்டியதுதான். அறிவிப்பாளர் ‘நாட்டுப்புறப் பாடல்கள், பாடுபவர் கொல்லங்குடி கருப்பாயி’ என்பார். பாடுபவர்! அவ்வளவுதான்.

இதே கட்டடத்தில் பக்கத்து அறையில் ஒரு வித்வான் ஆலாபனை செய்துகொண்டிருப்பார். பழைய ராகம், பழைய கீர்த்தனை, அதில் ஒரு வரியை எடுத்து நிரவல், பிறகு கல்பனாஸ்வரம். முன்பே இருக்கும் சட்டகத்துக்குள் அந்தக் கணத்தில் புதிதாகக் கட்டுவது. அதற்குப் பெயர் மனோதர்மம். அது அவருடைய மேதைமை, அதற்காகவே ‘ஏ’ தரம். வயலில் ஒருத்தி பழைய மெட்டுக்குள் அந்தக் கணத்தில் புதிய வரி கட்டினால் அது மரபு. ஒருவர் செய்தால் மேதைமை, இன்னொருத்தி செய்தால் மண்வாசனை. இரண்டும் ஒரே கலை நுட்பம் என்று நான் சொல்லவில்லை; இசையாக அவை வேறு வேறு. ஆனால் ‘கட்டுகிற செயல்’ ஒன்றுதான். ஒன்றில் அது தனிமனிதச் செயலாகவும் மற்றதில் பெயரற்ற கூட்டத்தின் செயலாகவும் ஏன் கேட்கிறது?

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்களேன். மதுரை மணி ஐயர், மதுரை சோமு, காருகுறிச்சி அருணாசலம்: அங்கே ஊர் ஒரு பாணிக்கு முகவரி. கொல்லங்குடி கருப்பாயி, பறவை முனியம்மா: இங்கே ஊர் மண்ணுக்கு முகவரி. காருகுறிச்சி என்றால் நாதஸ்வர வாசிப்பில் ஒரு வழி என்று ரசிகர் விளக்குவார். கொல்லங்குடி பாணி என்று ஒன்று உண்டா என்று இதுவரை எந்த விமர்சகரும் யோசித்ததில்லை, நான் உட்பட.

*

வானொலியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சுலபம். நம் ஆட்கள் செய்ததையும் பார்க்க வேண்டும்.

மு. அருணாசலம் 1943இல் ‘காற்றிலே மிதந்த கவிதை’ கொண்டுவந்தார். தலைப்பையே பாருங்கள்: கவிதை காற்றில் மிதக்கிறது, யார் வாயிலிருந்தும் வரவில்லை. பெர்சி மக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்த பாட்டுகளை கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து 1958இல் ‘மலையருவி’யாக வந்தது. அதுவும் இயற்கைதான், அருவி. நா. வானமாமலை வேறு வகை. 1964இல் வந்த அவருடைய ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பில் பாட்டின் அடியில் வட்டார வழக்கு, இடம், சேகரித்தவர் என்று ஒழுங்காக இருக்கும். பாட்டைச் சமூக வரலாற்றின் சான்றாகப் படிக்க நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்தத் தொகுப்பில் சில இடங்களில் சேகரித்தவருக்கு மேலே ‘உதவியவர்’ என்று ஒரு பெயர் வரும். இந்தச் சொல் என்னை நிறைய நாள் தொந்தரவு செய்திருக்கிறது. மார்க்சிய ஆய்வாளரின் பக்கத்திலும் பாட்டைத் தருகிறவர் ஆசிரியராவதில்லை. உதவியவர். எதற்கு உதவியவர்? சேகரிப்புக்கு.

கிராம்சி சிறைக் குறிப்புகளில், நாட்டார் வழக்காற்றை வேடிக்கைப் பொருளாகப் பார்க்காதீர்கள், அது உலகத்தைப் பற்றிய, வாழ்க்கையைப் பற்றிய ஒரு பார்வை என்று எழுதினார். 1980களில் நாம் அதை நிறைய மேற்கோள் காட்டினோம். உலகப் பார்வை என்று ஒத்துக்கொண்டோம். பார்க்கிறவருக்குத் தனிப்பெயர் உண்டு என்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

*

இந்த இடத்தில் பாவலர் வரதராசனைப் பற்றிப் பேசியாக வேண்டும். பண்ணைப்புரம் அன்றைக்கு மதுரை மாவட்டம். தேனி தனியானது 1990களில். கம்யூனிஸ்ட் மேடைகளில் பாட்டுக் கட்டிப் பாடியவர். பாஸ்கர், ராசையா, அமரன் என்று தம்பிகள் ஒவ்வொருவராகக் கோஷ்டியில் சேர்ந்தார்கள். ராசையா சின்னப் பையனாக இருந்தபோது பெண் குரலில் பாடியதைப் பின்னாளில் இளையராஜாவாகி அவரே சொல்லியிருக்கிறார். ஆர்மோனியம், தபேலா, நாலைந்து பேர், லாரியோ பஸ்ஸோ, ராத்திரி கூட்டம், சாப்பாடு கிடைத்தால் கிடைக்கும்.

1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல். கேரளத்தில் இ.எம்.எஸ். அரசு மெல்லிய பெரும்பான்மையில் நின்ற நேரம். வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். வாக்காளர்களில் பெருந்தொகையினர் தேயிலைத் தோட்டத் தமிழர். வரதராசன் மலையேறிப் போய் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். அந்த வெற்றியில் வரதராசன் பாட்டுக்குப் பங்குண்டு என்று கட்சி வட்டாரத்தில் இன்றைக்கும் பேச்சு உண்டு. ஒரு பாட்டு எத்தனை ஓட்டு வாங்கும் என்று அளக்கிற கருவி கிடையாது, அது இருக்கட்டும். ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டை, சினிமா மெட்டானாலும் தெம்மாங்கானாலும், எடுத்து அன்றைக்குத் தேவையான சொல்லைக் கட்டுவது அவர் முறை. விஸ்வநாததாஸ் மேடையில் செய்ததுதான், கொடியின் நிறம் மட்டும் வேறு.

வானொலி அலமாரியில் இவருக்கு எந்தத் தட்டு? கட்சிப் பாட்டுக்கு அரசு வானொலியில் இடமில்லை. சாஸ்திரீயமில்லை. மெட்டு சினிமா என்பதால் மெல்லிசையும் ஆகாது. ஆசிரியர் பெயர் பளிச்சென்று இருப்பதால் நாட்டுப்புறமும் ஆகாது! கருப்பாயிக்குத் திறந்த கதவு வரதராசனுக்குத் திறக்காது. ஏனென்றால் அந்தக் கதவுக்கு விலை பெயர். பெயரைக் கழற்றி வைத்துவிட்டு ‘பாடுபவர்’ ஆனால் உள்ளே வரலாம். 1973இல் வரதராசன் இறந்துபோனார். தம்பி இசையமைத்த ‘அன்னக்கிளி’ வந்தது 1976இல்.

நம் கலைக்குழுக்கள் வரதராசனிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டன? 1975இல் மதுரையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவானது. பின்னால் கலை இரவுகள் வந்தன. விடிய விடியப் பாட்டு, ஜனங்கள் திரண்டார்கள். நானும் தரையில் உட்கார்ந்து கேட்டவன்தான், கேட்டுக் கண்ணீர் விட்டவன்தான். ஆனால் பல பாட்டுகளில் வேலைப்பிரிவினை இப்படி இருந்தது: மெட்டு மக்களுடையது, சொல் தோழருடையது. மெட்டு எந்த ஊர், எந்தப் பொம்பளையிடம் கேட்டது என்று அறிவிப்பதில்லை. பாட்டெழுதிய தோழர் பெயர் மைக்கில் வரும். வரதராசன் அந்த ஜனத்துக்குள்ளேயே இருந்து கட்டினார். பிறகு வந்த நாம் பாதிப்பேர் வெளியிலிருந்து போய் மெட்டை மட்டும் வாங்கிவந்தோம். வானொலி சொல்லையும் மெட்டையும் வாங்கிக்கொண்டு ஆசிரியரை விட்டது; நாம் மெட்டை வாங்கிக்கொண்டு சொல்லையும் ஆசிரியரையும் சேர்த்தே விட்டோம். தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

*

‘ஆண் பாவம்’ படத்துக்கு இசை இளையராஜா. வரதராசனின் கோஷ்டியில் வளர்ந்தவரும், வானொலியின் கீழ்த்தட்டிலிருந்து வந்தவரும் ஒரே படத்தில் சந்தித்துக்கொண்டது தற்செயல்தான். ஆனாலும் மதுரைச் சமவெளிப் பாட்டின் இரண்டு வழிகள் அங்கே வந்து முட்டின என்று எனக்குத் தோன்றும். ‘16 வயதினிலே’ (1977) முதல் தமிழ் சினிமா கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கிராமத்தைக் காட்ட ஒரு கிழவி தேவை, கிழவி பாட வேண்டும். கருப்பாயி பாட்டியாக வந்தார், பாடினார், தியேட்டர் சிரித்தது, கை தட்டியது. அந்தக் குரலில் ஒரு மணல் இருந்தது. ரோலாந் பார்த் குரலின் கரகரப்பு என்று எழுதியபோது பாடுகிறவரின் உடம்பு பாட்டில் கேட்பதைச் சொன்னார். கருப்பாயி குரலில் வெயில் கேட்கும், வெற்றிலை கேட்கும். சினிமா அதைக் கேட்கத் தெரிந்து வைத்திருந்தது, அதுவரைக்கும் நன்றி. அடுத்த படங்களிலும் அதே பாட்டிதான். பாட்டி என்ற வேடம் நாட்டுப்புறம் என்ற தட்டைப் போலவே வயதுக்கும் மண்ணுக்கும் பெயர், ஆளுக்கு இல்லை.

2003இல் ‘தூள்’ வந்தபோது பறவை முனியம்மாவுக்கும் இதுவே நடந்தது. மதுரைக்குப் பக்கத்துப் பறவை ஊர்க்காரர், அதற்கு முன்னால் நெடுங்காலம் மேடையில் பாடியவர், ஒரே பாட்டில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தார், 2020இல் இறந்தார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் போன்றவர்களின் வழி வேறு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், மேடை, வானொலி மூன்றிலும் காலூன்றியவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். படிப்பு இருந்தால் நாட்டுப்புறத் தட்டில்கூடப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முடிகிறது என்பதற்கு அது சாட்சி.

இதெல்லாம் வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. 1957 காப்புரிமைச் சட்டம் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமை கொடுத்தது. பாடி நிகழ்த்துகிறவருக்கு உரிமை வந்தது 1994 திருத்தத்தில்தான். மரபுப் பாட்டு என்றால் ஆசிரியர் இல்லை, ஆகவே ஆசிரியர் உரிமையும் இல்லை. அப்படியென்றால் கருப்பாயி போன்றவர்கள் வானொலியிலும் 1980களின் கேசட்டுகளிலும் பாடிய காலத்தில் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் என்ன? எழுதியவர் இல்லை, பாடியவருக்கு உரிமை இன்னும் பிறக்கவில்லை. கேசட் உறையில் ‘நாட்டுப்புறப் பாடல்கள்’ என்று நாலு விரல் உயர எழுத்தில் இருக்கும். அந்த வார்த்தைக்கு ‘யாருக்கும் பணம் தரவேண்டியதில்லை’ என்பதும் ஓர் அர்த்தம். தன் பாட்டுகளின் உரிமைக்காக இளையராஜா 2010களில் நீதிமன்றப் படியேறினார். பாதிப்பேர் அவரைக் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் பண்ணைப்புரத்துக் கோஷ்டியில் பாட்டுக் கட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கருப்பாயியால் அந்தப் படியை ஏறவே முடியாது. ‘இது என் பாட்டு’ என்ற வாக்கியத்தை எடுத்த எடுப்பிலேயே ‘நாட்டுப்புறம்’ என்ற சொல் தள்ளுபடி செய்துவிடும். முதுமையில் அவர் வறுமையில் இருந்ததைப் பத்திரிகைகள் எழுதின. உதவித்தொகை பற்றிப் பேசின. உரிமைத்தொகை பற்றி யாரும் பேசவில்லை.

*

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் மேலூர்ப் பக்கம் ஒரு நடவு வயலுக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். பாட்டுச் சேகரிக்க. எடுத்துக்கொடுத்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்ததும் நோட்டைப் பிரித்துப் பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன், வயது கேட்டேன். ‘பாடியவர்’ என்ற தலைப்புக்குக் கீழே எல்லாவற்றையும் எழுதினேன். அது என்ன எழுத்து என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

“பாடுனது நாங்க பன்னெண்டு பேருமில்ல தம்பி” என்றார். “கட்டுனது நானு. அத எங்கிட்டு எழுதுவீக?”

என் நோட்டில் அதற்குப் பத்தி போட்டிருக்கவில்லை. ஓரத்தில் எழுதினேன்.